அலாரம் தாத்தாவை இரண்டு முறை எழுதினேன்

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் பட்டணத்தில் நான் காலையில் பசியாறப் போகும் ஒட்டுக்கடையில் தண்ணீர் கலக்கும் அண்ணன் இன்றுவரை என்னைப் பெயர் சொல்லி அழைத்ததில்லை. "அலாரம் தாத்தா எழுதின தங்கச்சி" என்றுதான் மேசையில் இருப்பவர்களிடம் சொல்லுவார். தொலைக்காட்சி நகைச்சுவைத் தொடர்களுக்கு நான் 2004 முதல் 2014 வரை பத்து ஆண்டுகள் எழுதினேன். அத்தனை எழுத்திலும் மக்கள் மனத்தில் தங்கியவர் அந்த ஒரு கிழவர் மட்டுமே. ரப்பர்த் தோட்டத்தை விட்டு மலிவு விலை அடுக்குமாடிக்குக் குடிவந்த பிறகும் விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து, எல்லா விளக்குகளையும் போட்டு, பால் வாளியைத் தட்டி, அக்கம்பக்கத்தையே எழுப்பிவிடுவார். அதே கிழவரைப் பல ஆண்டுகள் கழித்து, 2021இல் ஒளியேறிய தொண்ணூறு நிமிடத் தொலைப்படம் ஒன்றில் மறுபடியும் எழுதினேன். அதைப் பார்த்து யாரும் சிரிக்கவில்லை. சிரிக்க வேண்டும் என்று நானும் எழுதவில்லை. நகைச்சுவை எழுதிப் பழகிய கையோடு அழுத்தமான கதைக்குப் போக நினைக்கும் தம்பி தங்கைகள் சிலர் என்னிடம் வழி கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியே சொன்னதை இங்கே ஒன்றாக எழுதி வைக்கிறேன்.

என் தாயார் இந்த வட்டாரத்து ரப்பர்த் தோட்டம் ஒன்றில் இருபத்தேழு ஆண்டுகள் பால் மரம் வெட்டியவர். பெரியப்பா அதே தோட்டத்தில் அதைவிட நீண்ட காலம் வெட்டினார். நான் பிறந்தது தோட்டத் தொழிலாளர் வரிசை வீடான லயத்து வீட்டில், பள்ளிக்குப் போகும் வயது வரும்வரை வளர்ந்தது வேலைக்குப் போகும் தாய்மார் பிள்ளைகளை விட்டுச் செல்லும் ஆயாக் கொட்டகையில். வெளியூர்க்காரர்களுக்குச் சுங்கை சிப்புட் என்றால் 1948 ஜூன் 16 அன்று எல்பில் தோட்டத்து வெள்ளைக்காரத் துரை சுடப்பட்டு நாட்டில் கம்யூனிஸ்டுகளுக்கு எதிரான அவசரகாலம் பிறந்ததும், இவ்வூர் அரசியல் தலைவர் துன் சம்பந்தன் பெயரும் நினைவுக்கு வரும். எனக்கு ஊர் என்றதும் நினைவுக்கு வருவது மாலை நேரத்து லயத்து வாசல்தான். பகலில் எதிர்த்து ஒரு சொல் சொல்ல முடியாத மேற்பார்வையாளரான கங்காணியின் நடையையும், தோட்ட அலுவலகக் கணக்கரான கிராணி பேசும் ஆங்கிலத்தையும், ஸ்டோரில் பாலை நிறுப்பவர் தராசு முள்ளைப் பார்க்கும் தினுசையும் எங்கள் பெண்கள் அந்த வாசலில் நடித்துக் காட்டிக் கண்ணில் நீர் வரச் சிரிப்பார்கள். பின்னாளில் நான் சம்பளத்துக்கு எழுதிய நகைச்சுவையில் பாதிக்கு மேல் அங்கே கேட்டதுதான். அந்தச் சிரிப்பு ஏன் இரவில் மட்டும் வந்தது என்று எனக்கு அப்போது கேட்கத் தோன்றவில்லை.

பள்ளி ஆண்டு விழாவில் தொடங்கி, வானொலிக்குச் சிறு நாடகங்கள் அனுப்பி, கடைசியில் கோலாலம்பூரில் ஒரு தயாரிப்புக் குழுவில் இடம் கிடைத்த கதை எல்லாருடைய கதையையும் போன்றதே. அதில் சொல்ல ஒன்றுமில்லை. தொடரின் ஒரு பாகம் விளம்பரம் நீங்கலாக இருபத்திரண்டு நிமிடம், பருவத்துக்குப் பதின்மூன்று பாகம். பக்கத்துக்கு மூன்று சிரிப்பு இல்லாவிட்டால் வசனத் தாள் திரும்பி வரும். இந்தக் கட்டாயம் எனக்குச் சில நல்ல பழக்கங்களைக் கொடுத்தது. காட்சிக்குள் தாமதமாக நுழைந்து சீக்கிரம் வெளியேறவும், சிரிப்பைக் கொண்டுவரும் சொல்லை வாக்கியத்தின் கடைசியில் வைக்கவும், பத்தாம் நிமிடத்தில் வெடிக்க வேண்டியதை இரண்டாம் நிமிடத்திலேயே யாரும் கவனிக்காத மாதிரி விதைத்து வைக்கவும் அங்கேதான் கற்றேன். நகைச்சுவை எழுதுபவனுக்குக் கதை தெரியாது என்று சொல்பவர்களை நான் நம்புவதில்லை. விதைத்ததை அறுக்காமல் விட்டால் முதலில் அகப்படுபவன் அவன்தான், ஏனென்றால் சிரிப்பு வராதது உடனே தெரிந்துவிடும். அழுகை வராததை மறைத்துக்கொள்ள ஆயிரம் வழி உண்டு.

அலாரம் தாத்தா பிறந்தது 2012இல். அவர் என் பெரியப்பாதான். தோட்டம் கைமாறி, ரப்பர் மரங்களைச் சாய்த்துவிட்டுச் செம்பனை நட்டபோது, வேலையோடு லயத்து வீடும் போனது. வேலை இருக்கும்வரைதான் அந்த வீடு என்பது எங்கள் எல்லாருக்கும் தெரிந்த விதி. பெரியப்பா பட்டணத்து அடுக்குமாடிக்கு வந்து சேர்ந்தார், ஆனால் அவருடைய உடம்பு வரவில்லை. நான்கு மணிக்கு விழிப்பு வந்துவிடும். விளக்கைப் போடுவார், முகம் கழுவுவார், வாளியை எடுத்து வைப்பார். பக்கத்து வீட்டுக்காரர் சுவரைத் தட்டுவார். இதை அப்படியே எழுதிக் கொடுத்தேன், ஒளிப்பதிவுக் கூடத்தில் விளக்குப் பிடிக்கும் பையன்கூடச் சிரித்தான். பெரியப்பாவும் எங்கள் வீட்டில் உட்கார்ந்து அந்தப் பாகத்தைப் பார்த்தார். வாய்விட்டுச் சிரித்தார். "என்னைத்தான் எழுதியிருக்கா, பாத்தியா" என்று பெருமையாக எல்லாரிடமும் சொன்னார்.

இரண்டு ஆண்டுகள் கழித்து ஒரு தீபாவளிக்கு முந்தின இரவு, முறுக்குப் பிழிந்துகொண்டே அம்மா ஒன்றைச் சொன்னார். அந்த நாடகம் வந்த மறுநாளிலிருந்து பெரியப்பா விளக்குப் போடுவதை நிறுத்திவிட்டாராம். இருட்டிலேயே சட்டையைத் தேடி மாட்டிக்கொண்டு, சத்தம் வராமல் கதவைச் சாத்திவிட்டு வெளியே போய்விடுவாராம். "எங்க போவாரு?" என்று கேட்டேன். "சடக்கு ஓரமா நடந்து, பழைய தோட்டத்துக்குத் திரும்புற முக்குல போயி நிப்பாரு. வெளிச்சம் வந்ததும் திரும்பிடுவாரு. நீ அவரு எழுந்திரிச்சத எழுதின. எழுந்திரிச்சு எங்க போனாருன்னு எழுதலயே" என்றார். அம்மா என்னைக் குறை சொல்லவில்லை, முறுக்கு அச்சை மாற்றிக்கொண்டே பேச்சுவாக்கில் சொன்னதுதான். ஆனால் அதற்குப் பிறகு நான் எழுத உட்கார்ந்த ஒவ்வொரு சிரிப்புக்கும் முன்னால் இருட்டில் சட்டை தேடும் கை ஒன்று வந்து நின்றது. அந்தப் பருவத்தை முடித்துக் கொடுத்துவிட்டு நகைச்சுவையிலிருந்து விலகினேன்.

விலகுவது சுலபம், வேறிடத்தில் சேர்வதுதான் கடினம். எங்கே போனாலும் "நீங்கள் காமெடி எழுதுகிறவர் ஆயிற்றே" என்ற ஒரே பதில். ஆரம்பத்தில் எனக்குக் கோபம் வந்தது. பிறகு அவர்கள் பக்கம் இருந்து யோசித்தால், என்னிடம் காட்டுவதற்கு ஒரு பக்கம்கூட அழுத்தமான எழுத்து இல்லை என்பது புரிந்தது. வாய்ப்புக் கேட்டு நடந்த எட்டு மாதத்தில் ஒரு முழுத் திரைக்கதையை எழுதி முடித்திருக்கலாம். வேறு வகைக்கு மாற நினைப்பவர்கள் பழைய பெயரைக் காட்டிப் புதிய வேலை கேட்கக் கூடாது. யாரும் கேட்காமலேயே எழுதி முடித்த தொண்ணூறு பக்கத்தைக் கையில் வைத்துக்கொண்டு போக வேண்டும்.

அப்படி நான் எழுதிய முதல் திரைக்கதை படுமோசம். சிரிப்பு இருக்கக் கூடாது என்பது ஒன்றே குறிக்கோளாக இருந்ததால் முதல் பக்கத்திலேயே மழை, இருபதாம் பக்கத்தில் புற்றுநோய், நாற்பதாம் பக்கத்தில் கள்ளுக்கடை வாசலில் அடிதடி, முடிவில் இரண்டு சாவு. எல்லாரும் எல்லாவற்றையும் வாய்விட்டுச் சொன்னார்கள், சொல்லிவிட்டு அழுதார்கள். அதைப் படித்த தயாரிப்பாளர் ஒருவர் இரண்டாவது சாவில் சிரித்துவிட்டார். நல்ல மனிதர், உடனே மன்னிப்பும் கேட்டார். நகைச்சுவையிலிருந்து வருகிறவர்கள் எல்லாருக்கும் இந்தக் காய்ச்சல் ஒருமுறை வரும் என்று நினைக்கிறேன். நம்மை யாரும் இலேசாக எடுத்துக்கொண்டுவிடக் கூடாதே என்ற பயத்தில், நமக்குத் தெரிந்த ஒரே வித்தையை வாசலில் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போகிறோம்.

இந்த இடத்தில் எனக்கு உதவியவர் எங்கோ இருக்கும் ஓர் அமெரிக்கர். கிரேக் மேசின் என்பவர் 'ஸ்கேரி மூவி' வரிசையில் மூன்றாவதையும் நான்காவதையும், 'ஹேங்கோவர்' வரிசையில் இரண்டாவதையும் மூன்றாவதையும் எழுதியவர்களில் ஒருவர். முழுக்க முழுக்கக் கூத்துப் படங்கள். அவரே 2019இல் எச்பிஓ தொலைக்காட்சிக்கு, அணு உலை விபத்தைப் பற்றிய 'செர்னோபில்' என்ற ஐந்து பாகத் தொடரை எழுதி, அதன் எழுத்துக்காக அமெரிக்கத் தொலைக்காட்சி விருதான எம்மியும் வாங்கினார். அந்த ஐந்து திரைக்கதைகளையும் யார் வேண்டுமானாலும் படிக்கலாம் என்று அவர் வெளியிட்டிருந்தார். ஆங்கில அகராதியை மடியில் வைத்துக்கொண்டு மூன்று முறை படித்தேன். அதில் ஒரு காட்சி: நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளரை ஆபத்தான வேலைக்கு அழைக்க வரும் அமைச்சரை, அவர்கள் எதிர்த்து எதுவும் செய்ய முடியாமல், ஒவ்வொருவராக வந்து கரி படிந்த கையால் அவருடைய வெளுத்த உடையைத் தட்டிவிட்டுப் போகிறார்கள். பார்ப்பவர்களுக்குச் சிரிப்பு வருகிறது; போகிறவர்கள் எங்கே போகிறார்கள் என்பதும் தெரிகிறது. படித்ததும் எனக்கு எங்கள் லயத்து வாசல் ஞாபகம் வந்தது. அங்கே பெண்கள் கங்காணியைப் போல நடந்து காட்டியதும் இதே கரிக்கைதான். நான் பத்து ஆண்டுகள் அந்தக் கையை மட்டும் எழுதிவிட்டு, சுரங்கத்தை எழுதாமல் விட்டிருந்தேன்.

நம் பக்கத்திலும் இதற்கு முன்னோடி இல்லாமல் இல்லை. 1965இல் கே. பாலசந்தர் இயக்கிய முதல் படமான 'நீர்க்குமிழி'யில் நாகேஷ் மருத்துவமனை முழுவதையும் சிரிக்க வைத்துக்கொண்டே இருப்பார். சின்ன வயதில் அதைச் சிரிப்புப் படம் என்று நினைத்துப் பார்க்கத் தொடங்கியவள் நான். ஆனால் அது சிரிப்பில் முடிகிற படமல்ல.

ஆக, சிரிப்பை விட்டுவிட வேண்டியதில்லை. விட வேண்டியவை வேறு சில. அவற்றைக் கண்டுபிடிக்க எனக்கு நான்கு திருத்தங்கள் தேவைப்பட்டன. மிகப் பெரியது, காட்சியை ஒரு சொல்லால் பூட்டும் பழக்கம். நகைச்சுவையில் கடைசி வரி வெடித்ததும் காட்சி முடிந்துவிட வேண்டும். அதே கையால் எழுதியபோது என் சோகக் காட்சிகள் எல்லாம் பழமொழி போன்ற ஒரு வரியில் முடிந்தன. அதனால் இப்போது ஒவ்வொரு காட்சியையும் எழுதி முடித்த பிறகு கடைசி வசனத்தைக் கையால் மறைத்துவிட்டுப் படித்துப் பார்க்கிறேன். பத்தில் ஏழு காட்சிகளில் அந்த வரி தேவையே இல்லை. இன்னொன்று, எல்லாரையும் கெட்டிக்காரராகப் பேச வைப்பது. என் தொடர்களில் பாட்டியும் பேரனும் ஒரே வேகத்தில் பதிலடி கொடுப்பார்கள். உண்மையில் எங்கள் குடும்பத்தில் கேள்விக்குப் பதில் மறுநாள்தான் வரும், அதுவும் வேறொருவரிடம் சொல்வது போல வரும். மூன்றாவது, மறதி. வாரத் தொடரில் இந்த வாரம் வீடு தீப்பிடித்தாலும் அடுத்த வாரம் எல்லாரும் அதே சோபாவில் உட்கார்ந்திருப்பார்கள். அழுத்தமான கதையில் ஒருவர் சொன்ன சொல் அங்கேயே கிடக்கும், அடுத்து வருபவர் அதை மிதித்துக்கொண்டுதான் உள்ளே வர வேண்டும்.

பெரியப்பா காட்சியையே எடுத்துக்கொள்ளலாம். 2012இல் எழுதியது இப்படி: விளக்கு எரிகிறது, வாளிச் சத்தம், மருமகள் அலறிக்கொண்டு ஓடி வருகிறாள், பக்கத்து வீட்டுக்காரர் கைலியோடு வந்து சண்டை போடுகிறார், தாத்தா அவரையே பிரட்டுக்கு, அதாவது தோட்டத்துக் காலைப் பெயர் கூப்பிடலுக்கு, வராத ஆளாக நினைத்து "இன்னைக்கு உனக்குப் பேர் இல்ல, போ" என்கிறார். சிரிப்பு. புதிய திரைக்கதையில் வசனம் ஒன்றுகூட இல்லை. விளக்குப் பொத்தான் மீது போன கை நின்றுவிடுகிறது. இருட்டில் சட்டைப் பொத்தானை ஒன்று மாற்றி ஒன்று போட்டுக்கொள்கிறார். வாளி இருக்கும் இடத்தைத் தாண்டும்போது அது காலில் இடறாதபடி இரண்டு கைகளாலும் அதைப் பிடித்துக்கொண்டு, குழந்தையைத் தூக்கி வைப்பது போல ஓரமாக வைக்கிறார். கதவு சாத்தும் சத்தம் கேட்டுப் படுக்கையில் விழித்திருக்கும் மருமகள் கண்ணை மூடிக்கொள்கிறாள். பிற்பகுதியில் வீதியில் ஒருவர் அவருடைய கோணல் பொத்தானைப் பார்த்துச் சிரிப்பார். அந்தச் சிரிப்பை நான் வெட்டவில்லை.

இதை எழுதுவதற்கு எனக்குத் தெரிந்தது போதவில்லை. தோட்டத்தில் பிறந்தவள் என்பதால் தோட்டம் தெரியும் என்று நினைத்திருந்தேன். எனக்குத் தெரிந்தது தோட்டத்தைப் பற்றிய கிண்டல் மட்டுமே. அம்மாவின் பழைய கூட்டாளிகள் ஆறேழு பேரிடம் போய் உட்கார்ந்தேன். முதல் தடவை கைத்தொலைபேசியை மேசைமேல் பதிவுக்கு வைத்தேன். எல்லாரும் வானொலிப் பேட்டி கொடுப்பது போலப் பேசினார்கள். இரண்டாம் தடவை வெறுங்கையோடு போய், மொச்சைக் கொட்டை உரித்துக் கொடுத்துக்கொண்டு கேட்டேன். அப்போதுதான் காரியங்கள் வந்தன. விடியலின் குளிர்ச்சியில்தான் பால் நன்றாக ஓடும், வெயில் ஏறினால் குறைந்துவிடும், அதனால்தான் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு இருட்டில் மரத்துக்குப் போனார்கள். மழை பெய்தால் வெட்டுப் பட்டை நனைந்து பால் மங்கில், அதாவது மரத்தில் கட்டிய கிண்ணத்தில், விழாமல் வழிந்துவிடும். வெட்டு இல்லாத நாளில் கூலியும் இல்லை. வருடத் தொடக்கத்தில் மரம் இலை உதிர்க்கும் மாதங்களில் பால் சுருங்கும், கடைக்காரர் கணக்குப் புத்தகம் தடிக்கும்.

இவற்றைத் தகவலாகப் பாத்திரத்தின் வாயில் வைத்தால் பாடநூல் ஆகிவிடும். நான் செய்தது, விதியை மட்டும் வைத்துக்கொண்டு விளக்கத்தை எடுத்துவிட்டது. கணவனும் மனைவியும் ஐந்து மணிக்கு வாசலில் நின்று வானத்தைப் பார்க்கிறார்கள். மகளுக்குப் பள்ளிக் கட்டணம் இன்று கட்ட வேண்டும் என்பது முந்தைய காட்சியில் தெரிந்துவிட்டது. முதல் துளி தகரக் கூரையில் விழுகிறது. மனைவி உள்ளே போய், கட்டி வைத்த சாப்பாட்டுத் தூக்கை அவிழ்க்கிறாள். அவ்வளவுதான். மழை என்றால் கூலி இல்லை என்று யாரும் சொல்லவில்லை, பார்த்தவர்கள் எல்லாருக்கும் புரிந்தது.

மலேசியாவில் எழுதுகிறவர்கள் மறக்கக் கூடாத ஒன்று மலாய் வசன வரி. நம் நாடகங்களுக்குக் கீழே அது ஓடும், பிற இனத்தவர் அதை வைத்துத்தான் பார்க்கிறார்கள். சொல்விளையாட்டை நம்பி நான் எழுதிய நகைச்சுவை முழுதும் அந்த வரியில் செத்துப்போனது. மொழிபெயர்ப்பாளர் மேல் நான் போட்ட பழி நியாயமற்றது. தொலைப்படத்தைப் பார்த்த என் மலாய்த் தோழி ஒருத்தி வாளியைத் தூக்கி வைத்த காட்சியைப் பற்றி மட்டும் பேசினாள். அங்கே மொழிபெயர்க்க ஒரு சொல்லும் இல்லை. அதற்காக வசனத்தையே எழுதக் கூடாது என்று சொல்லவில்லை. காட்சியின் பாரம் முழுவதையும் ஒரு சொல்லின் இரட்டைப் பொருள்மேல் ஏற்றக் கூடாது.

பணத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், யாரும் சொல்வதில்லை. தொடர் எழுதும்போது மாதா மாதம் வந்த வருமானம் நின்றது. இரண்டு ஆண்டுகள் ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளுக்குத் தமிழ் டியூஷன் எடுத்தேன், திருமண நிகழ்ச்சிகளுக்கு அறிவிப்பு எழுதினேன், ஒரு பருவம் பெயர் போடாமல் நகைச்சுவையும் எழுதினேன். அதில் வெட்கம் ஒன்றுமில்லை. கோலாலம்பூரில் அறை வாடகை கொடுக்க முடியாமல் சுங்கை சிப்புட்டுக்கே திரும்பினேன்; கூட்டம் இருக்கும் நாளில் மட்டும் ஈப்போவிலிருந்து மின்சார ரயிலில் போய் வருவேன். பழைய ஆட்களோடு மறுபடி பழகக் கிடைத்ததும் அதனால்தான்.

எனக்கு விழுந்த பெரிய அடி உரிமை விஷயத்தில். தொலைப்படத்துக்கு அலாரம் தாத்தா என்ற பெயரை வைக்கப்போனபோது பழைய தயாரிப்பு நிறுவனம் மறுத்துவிட்டது. என் சொந்தப் பெரியப்பாவை வைத்து நான் உருவாக்கிய பாத்திரம் எனக்குச் சொந்தமில்லை. 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 26ஆம் பிரிவின்படி, ஒருவர் கேட்டு எழுதிக் கொடுக்கும் படைப்பின் உரிமை, வேறு விதமாக ஒப்பந்தம் செய்துகொள்ளாவிட்டால், எழுதச் சொன்னவருக்குப் போய்விடும். நான் பத்து ஆண்டுகள் இரண்டு பக்க ஒப்பந்தங்களைப் படிக்காமல் கையெழுத்திட்டிருந்தேன். இப்போது யாராவது எழுதச் சொல்வதற்கு முன்பே கதைச் சுருக்கத்தை முழுதாக எழுதித் தேதியிட்டு, மலேசிய அறிவுசார் சொத்துக் கழகத்தில் பதிப்புரிமை அறிவிப்பாகப் பதிந்து வைக்கிறேன். பதியாவிட்டாலும் உரிமை உண்டுதான், ஆனால் தகராறு வரும்போது கையில் ஒரு தாள் இருப்பது நல்லது. ஒப்பந்தத்தில் நான் கேட்பவை மூன்று: திரையில் பெயர், எத்தனை திருத்தம் இலவசம் என்ற எண்ணிக்கை, பாத்திரங்களை வேறு கதையில் பயன்படுத்தும் உரிமை. மூன்றாவதைப் பெரும்பாலும் தர மாட்டார்கள். இருந்தாலும் கேட்கிறேன்.

பெயர் கிடைக்காததில் ஒரு நன்மையும் நேர்ந்தது. அலாரம் என்ற பட்டப்பெயர் இருந்திருந்தால் முதல் நிமிடத்திலேயே பார்ப்பவர்கள் சிரிக்கத் தயாராகியிருப்பார்கள். தொலைப்படத்தில் அவருக்குப் பெயரே இல்லை, எல்லாரும் உறவுமுறை சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள்.

பெரியப்பா 2018இல் போய்ச் சேர்ந்தார். இரண்டாவது எழுத்தை அவர் பார்க்கவில்லை. அம்மா பார்த்தார். கொரோனா கால நடமாட்டக் கட்டுப்பாட்டால் படப்பிடிப்பு தள்ளிப்போய், ஒருவழியாக ஒளியேறிய இரவு, நானும் அவரும் தரையில் உட்கார்ந்து பார்த்தோம். வாளிக் காட்சி வந்தபோது அம்மாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றும் தெரியவில்லை. படம் முடிந்து பெயர்கள் ஓடும்போது, "அந்த வாளி கீழ வைக்கிற சத்தம் சரியில்ல" என்றார். "இது தகர வாளி. நம்மளது அலுமினியம்லா. அது இப்படியா சத்தம் போடும்?" என்று கேட்டுவிட்டு, அடுப்பங்கரைக்குப் போய் அலுமினியச் சட்டி ஒன்றைக் கொண்டுவந்து, சிமெண்டுத் தரையில் மெதுவாக வைத்துக் காட்டினார். அந்தச் சத்தத்தைக் கைத்தொலைபேசியில் பதிந்து, அன்றிரவே ஒலிப்பதிவு செய்த தம்பிக்கு அனுப்பினேன். "இப்ப அனுப்பி என்னக்கா பண்றது" என்று பதில் போட்டிருந்தான்.